நாலாவது கூறு

வெள்ளிக்கிழமை, காலை 4.45. பொகவந்தலாவை பஸ் நிலையத்தில் நின்றபோதே எனக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. பௌர்ணமிப் போயா விடுமுறை வெள்ளியில் விழுந்து, மூன்று நாள் தொடர்ந்து லீவு. ஊரெல்லாம் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. நான் மட்டும் பனியில் நின்றுகொண்டு, ஒரு பிள்ளையின் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கடலோரம் போகப் புறப்பட்டிருக்கிறேன். கற்பிட்டிப் பக்கம் இதற்கு முன் நான் போனதில்லை. கடலையே ஐந்தாறு முறைதான் பார்த்திருக்கிறேன், அதுவும் காலிமுகத் திடலில் இறால் வடை சாப்பிட்டபடி.

கடிதம் எழுதியவள் தர்ஷினி. எங்கள் தோட்டப் பாடசாலைப் பிள்ளை. நான் இருபத்திரண்டு வருடமாகக் கணிதம் படிப்பிக்கிற ஆள், வாயாறப் புகழ்ந்து பழக்கமில்லை. ஆனாலும் சொல்கிறேன், அவளைப் போல ஒரு பிள்ளை என் வகுப்பில் இருந்ததில்லை. சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடத்தில் எட்டு ஏ. உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்க ஹட்டனில் ஒரு பாடசாலையும், அங்கேயே ஒரு கன்னியர் விடுதியில் இடமும் கிடைத்திருந்தன. திங்கட்கிழமைக்குள் போய்ச் சேரவேண்டும், பிந்தினால் இடம் வேறு பிள்ளைக்கு. அவளோ போகமாட்டேன் என்கிறாள். கொழும்பில் ஒரு துணிக்கடையில் சித்தி வேலை பார்த்து வைத்திருக்கிறாளாம்.

ஆறு வருடமாக அவள் படிப்புக்கு உதவி செய்துவந்தது தலவிலயில் இருக்கிற ஒரு மீனவக் குடும்பம். கத்தோலிக்கர்கள். புத்தகம், சப்பாத்து, ரியூசன் எல்லாம் அவர்கள் கணக்கு. அந்த உதவி இனி வேண்டாம் என்று அவர்களுக்கு எழுதிய கடிதம்தான் என் பையில் இருந்தது. போனில் சொல்லிவிடு என்றேன். மரியாதை இல்லை சேர், நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள் என்று கண் கலங்கி நின்றாள். சரி, போய்த் தொலைகிறேன் என்று கிளம்பிவிட்டேன். அந்த ஆட்கள் ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளை மனம் மாறுவாளோ என்ற நப்பாசையும் இருந்தது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். அந்தக் குடும்பத்தின் மேல் எனக்குச் சந்தேகம். இலவசமாக நல்லது செய்கிற யாரைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம்தான். தங்கள் வேதத்துக்கு இழுக்கிறார்களோ, படம் பிடித்து எங்காவது காட்டுகிறார்களோ என்று அந்தப் பிள்ளையின் பையை இரண்டு தடவை சோதித்தவன் நான். கருவாட்டு வாசம்தான் வந்தது.

முற்பகல் 11.40, புறக்கோட்டை. ஹட்டனிலிருந்து கொழும்புக்கு 530 ரூபா, பாதி வழி நின்றபடி. கற்பிட்டி பஸ்ஸில் 720 ரூபா. நடத்துநர் சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். தலவில போகவேண்டும் என்றதும் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தான்.

"கோயில் பெருநாள் இல்லயே மாமா இப்ப?"

"தெரியும். வேற வேலை."

"அப்ப சந்தியில இறக்கி விடுறன். அங்கயிருந்து த்ரீவீல் எடுங்க."

நீர்கொழும்பு, மாதம்பை, சிலாபம் வரை தென்னை, தென்னை, தென்னை. தேயிலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தச் சமதரை விசித்திரம். பஸ் ஒரு வளைவில்கூட மூச்சு வாங்கவில்லை. மதுரங்குளியில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். ஒரு முஸ்லிம் கடையில் பிளேன்டியும் இரண்டு ரொட்டியும் 180 ரூபா. பாலாவியில் பஸ் இடதுபுறம் திரும்பியதும் உப்பளங்கள் வந்தன. பிறகு மணலில் வெங்காயமும் மிளகாயும் செழித்து நின்றன. நுரைச்சோலையில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி. அதைத் தாண்டினால் காற்றாடிகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டு நிற்கின்றன. தெருவின் நடுவில் நாலு கழுதைகள் நின்றன. சாரதி ஹோர்ன் அடிக்கவேயில்லை. அவை நகரும் வரை காத்திருந்தார். எங்கள் ஊர்ச் சாரதிகளை இங்கே ஒரு மாதம் பயிற்சிக்கு அனுப்பலாம்.

மாலை 5.10, தலவில. சந்தியிலிருந்து முச்சக்கர வண்டிக்கு 400 ரூபா கேட்டார் ஓட்டுநர். பேரம் பேசினேன். அந்தக் குடும்பத்து மரியதாஸ் வீட்டுக்கு என்று சொன்னதும் முந்நூறுக்கு இறங்கினார்.

"அவரத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாம? என்ட மச்சான் நவாஸ் அவர்ட போட்லதானே போறாரு. நல்ல மனுசன். போட்ல ஒரு ஆள் கூட."

அது என்ன ஒரு ஆள் கூட என்று எனக்குப் புரியவில்லை. கேட்பதற்குள் வீடு வந்துவிட்டது.

புனித அன்னம்மாள் கோயிலிலிருந்து அரைக் கிலோமீற்றர், மணல் முற்றம், தகரமும் ஓலையும் கலந்த கூரை. சுவர்களில் இரண்டுதான் சீமெந்து பூசியவை, மற்றவை வெறும் புளொக் கல். பூச ஆரம்பித்து நிறுத்தியிருக்கிறார்கள். மரியதாஸ் ஐம்பது தாண்டிய கறுத்த மெலிந்த மனிதர். மனைவி மெற்றில்டா பருத்த உடம்பு, வாய் ஓயாத கதை. மகள் ஜெசிந்தாவுக்கு இருபத்திரண்டு வயது. அவள் கருவாட்டுப் பாயில் குனிந்து மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து தலையாட்டிவிட்டுத் திரும்பவும் குனிந்துவிட்டாள்.

"வாங்க சேர், இரிங்க," என்று கதிரையைத் துடைத்தார் மெற்றில்டா. "மலையில இருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீங்க. தர்ஷினிப் புள்ள சுகமா இருக்கா? சளி புடிக்கிற உடம்பு அவவுக்கு. ஓம், எங்களுக்குத் தெரியும். இந்த வீட்ல நாலு நாள் காய்ச்சலில கிடந்தவதானே."

அவர் சொல்லித்தான் ஆரம்பக் கதை எனக்குத் தெரிந்தது. ஆவணிப் பெருநாளுக்கு மலைநாட்டிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருவார்கள், இந்துக்களும்தான். மரங்களுக்குக் கீழே பாய் விரித்து, சமைத்து, நாள்கணக்கில் தங்குவார்கள். ஆறு வருடத்துக்கு முன் அப்படி வந்த கூட்டத்தில் பத்து வயதுப் பிள்ளை ஒன்று காய்ச்சலில் விழுந்தது. மெற்றில்டா தூக்கிவந்து வீட்டில் கிடத்தினார். காய்ச்சல் உளறலில் பிள்ளை பதின்மூன்றாம் வாய்பாடு சொல்லிக்கொண்டிருந்ததாம். தாய் அழுதபடி, அடுத்த வருடத்தோடு இவளை நிறுத்தப் போகிறோம், தகப்பனுக்குக் கால் ஏலாது, மற்றப் பிள்ளைகளும் இருக்கு என்று சொல்லியிருக்கிறாள்.

"அந்த வருசம்தான் இவர் கடல்ல எஞ்சின் நிண்டு ரெண்டு நாள் அலைஞ்சு வந்தது," என்றார் மெற்றில்டா. "அன்னம்மாவுக்கு வெள்ளியில ஒரு போட் செய்து வைக்கிறதா நேத்திக்கடன்."

"வெள்ளி போட்ட வச்சு அந்தத் தாய் என்ன செய்யிறது?" மரியதாஸ் முதல் தடவையாக வாய் திறந்தார். "மாதாவைப் பெத்து வளத்தவ அவ. அவவுக்கு ஒரு புள்ளய வளத்துக் குடுத்தாத் தெரியும். அதுதான் சேர்."

இதை அவர் ஒரு பெரிய காரியம் போலச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வலை ஊசியைத் தேடப் போய்விட்டார்.

மாலை 6.45. வீட்டுப் பீடத்தில் விளக்கேற்றி ஜெபமாலை சொன்னார்கள். வேறு வேலை இல்லாததால் நானும் சுவரோரம் உட்கார்ந்தேன். பீடத்தில் அன்னம்மாள் சொரூபம், பிளாஸ்டிக் பூ. தர்ஷினியின் படம் எங்காவது சட்டம் போட்டுத் தொங்கும் என்று தேடினேன், இல்லை. கடைசியில் மரியதாஸ், "எங்கட போட்ல போறவங்களுக்காக" என்று தொடங்கி, மைத்துனர் சூசை பெயரையும் நவாஸ் பெயரையும் தன் பெயரையும் சொன்னார். நாலாவதாக "தர்ஷினி" என்றார். எல்லோரும் ஆமென் என்றார்கள். பையில் கிடந்த கடிதம் எனக்குக் கனத்தது. சோற்றுக்குப் பிறகு கொடுக்கலாம் என்று நினைத்தேன். மீன் சொதியும் பொரித்த மீனும் போட்டு, போதும் போதும் என்று கையை விரித்து மறைத்தும் விடவில்லை மெற்றில்டா. வயிறு நிறைய அவர்கள் சோற்றைத் தின்றுவிட்டு அந்தக் கடிதத்தை நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை, காலை 7.30, கடற்கரை. போட் கரைக்கு வந்தது. பைபர் போட், மூன்று பேர்: மரியதாஸ், சூசை, நவாஸ். வலையைத் தட்டி மீனை மணலில் கொட்டினார்கள். பெரிய மீனை, மீன் வாங்கும் முதலாளியின் ஆள் நிறுத்து எடுத்துப் போனான். மிச்சத்தை, கையடக்கமான சூடை, காரல், கொஞ்சம் பாரைக் குட்டி, சூசை கூறு போட்டார். ஒவ்வொரு கூறிலும் ஒரே அளவு வரும்வரை கையால் எடுத்து எடுத்து மாற்றினார். முடிந்ததும் எண்ணினேன். மூன்று பேர், நாலு கூறு.

நாலாவதை ஜெசிந்தா கூடையில் அள்ளினாள். அதைக் கீறி, உப்புப் போட்டு, காயவைத்து, பெருநாள் சனத்துக்கு விற்பதுதான் தர்ஷினியின் படிப்பு. மீன் குறைந்த நாளில் கூறு சிறியதாகும், ஆனால் நாலாகத்தான் இருக்கும். முச்சக்கர வண்டிக்காரர் சொன்ன கூடுதல் ஆள் யார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நவாஸைக் கேட்டேன். "இது மரியதாஸ் அண்ணன்ட நேத்தி. உங்கட பங்கு ஏன் குறையணும்?"

அவர் சாரத்தைப் பிழிந்துகொண்டு சிரித்தார். "முதல்ல நானும் அப்பிடித்தான் நெனச்சன் சேர். பொறகு என்ட உம்மா செல்லிச்சு, படிக்கிற புள்ளைக்குக் குடுக்கிறது யார்ட நேத்தியா இருந்தா என்ன, அல்லாஹ்ட கிட்டத்தானே போய்ச் சேருதுன்னு. இப்ப அந்தக் கூறு இல்லாட்டி எனக்குக் கை ஓடாது. அந்தப் புள்ளைக்கு எட்டு ஏ தானே? கரையெல்லாம் நான்தான் செல்லித் திரிஞ்சது."

காலை 9 மணி. இனியும் ஒளிக்க முடியாது. முற்றத்தில் தேத்தண்ணீர் வந்ததும் கடிதத்தை எடுத்து மரியதாஸிடம் நீட்டினேன். அவர் மகளிடம் கொடுத்தார். ஜெசிந்தா செதில் ஒட்டிய கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, சத்தமாக வாசித்தாள்.

"மாமாவுக்கும் மாமிக்கும் தர்ஷினி எழுதுவது. எனக்கு இனிமேல் ஒன்றும் அனுப்பவேண்டாம். போன பெருநாளுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு அன்ரி ஒருவர் சொன்னார், ஜெசிந்தா அக்கா படிப்பை விட்டது என்னால்தான் என்று. எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் முதலிலேயே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அக்காவின் இடத்தில் இருந்துகொண்டு என்னால் படிக்க ஏலாது. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்."



"எந்த விசர் மனிசி இதச் சொன்னது?" மெற்றில்டா எழும்பிவிட்டார். "சேர், இவ கணக்குல ரெண்டு தரம் பெயில். அதுதான் விட்டது. வேற ஒண்டுமில்ல. நீங்க போய் அந்தப் புள்ளைக்கு வடிவாச் சொல்லுங்க."

"அம்மா," என்றாள் ஜெசிந்தா. "மூண்டாம் தரம் எழுதியிருக்கலாம்."

"என்ன?"

"ரியூசன் போயிருந்தா பாஸ் பண்ணியிருப்பன். எனக்கு ஆசை இருந்திச்சு. அந்த வருசம் மீனும் இல்ல. படிப்புக்கு வைக்கிற கூறு ஒண்டுதான் இருந்திச்சு, ரெண்டு பேருக்குப் பத்தாது. படிக்க விருப்பமில்ல எண்டு நான்தான் உங்களுக்குப் பொய் சொன்னது. அவ என்ன விடக் கெட்டிக்காரி, அதால."

மெற்றில்டா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மகள் இத்தனை வருடம் இதைச் சொல்லவில்லை என்பதை அவரால் தாங்க முடியவில்லை, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். மரியதாஸ் வேலி வரை நடந்துபோய் நின்றார். நான் ஆறிய தேத்தண்ணீரைக் குடித்தேன்.

ஜெசிந்தா அழவில்லை. கடிதத்தை மடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அவ இப்ப விட்டா, நான் விட்டது என்னத்துக்கு சேர்?"

வேலியோரத்திலிருந்து மரியதாஸ் திரும்பி வந்தார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. "சேர், கோவிக்கக் கூடாது. நான் இந்தக் கடிதத்த எடுக்க மாட்டன்," என்றார். இந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டாம். போட்டிலிருந்து விலகுகிறவன் ஆளனுப்பியோ கடிதம் எழுதியோ விலக முடியாது. கூடத் தொழில் செய்தவர்களின் முகத்துக்கு நேரே வந்து நின்று, விலகுகிறேன் என்று சொல்லவேண்டும். அதுவரை அவனுக்குக் கூறு விழுந்துகொண்டேயிருக்கும், அவன் வராவிட்டாலும் சரி. கோபத்தில் விட்டுப்போன எத்தனையோ பேர் நேரே வந்து நின்றதும் சொல்ல முடியாமல் திரும்ப ஏறியிருக்கிறார்களாம்.

"அவவும் எங்கட ஆள். வந்து சொல்லட்டும்."

"திங்கட்கிழமை கடைசி நாள் அண்ணன்," என்றேன். "அதுக்குள்ள எப்படி வருவாள்?"

"அவ வர ஏலாட்டி நான் போறன்," என்றாள் ஜெசிந்தா. "என்ட மூஞ்சிக்கு நேர சொல்லட்டும்."

ஞாயிற்றுக்கிழமை, காலை 6.30. அவர்கள் ஞாயிறு கடலுக்குப் போவதில்லை, பூசை பார்க்காமல் பஸ் ஏறுவதுமில்லை. நானும் கோயிலுக்குள் போய்க் கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். பிறகு சந்தியில் 8.15 பஸ். மெற்றில்டா மகளின் கையில் ஒரு கருவாட்டுப் பொதியும் இரண்டு பாணும் திணித்தார். மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். அந்த அம்மா பேசாமல் நின்றதை அந்த இரண்டு நாளில் அப்போதுதான் பார்த்தேன்.

கொழும்புக்கு அப்பால் ஜெசிந்தா வந்ததில்லை. கித்துல்கலை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கடலில் போட் ஆடும்போது பயமில்லையா என்று சீண்டினேன். "கடல்ல விழுந்தாலும் தண்ணி சேர். இதுல விழுந்தா பள்ளம்," என்றாள். கினிகத்தேனையில், தனியாகப் பரீட்சை எழுதலாம், கணிதம் நான் போனிலேயே சொல்லித் தருகிறேன் என்றேன். அவள் சிரித்தாள். "முதல்ல அவ போகட்டும்." இரவு எங்கள் வீட்டில்தான் தங்கினாள். என் மனைவி கொடுத்த ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டும் அவளுக்குப் பல் அடித்தது.

திங்கட்கிழமை, காலை 6.10, தர்ஷினியின் லய வீடு. தாய் கொழுந்துக் கூடையோடு மலைக்குப் புறப்பட்டு நின்றாள். தர்ஷினி வாசலில் தலைவாரிக்கொண்டிருந்தவள், எங்களைக் கண்டதும் சீப்போடு எழுந்து நின்றாள்.

"கடிதம் கிடைச்சது," என்றாள் ஜெசிந்தா. "எங்கட போட்ல விலகிற ஆள் கடிதம் எழுதுறதில்ல. நேர சொல்லணும். அப்பாட்ட சொல்ல நீ வர ஏலாது, அதால நான் வந்திருக்கன். சொல்லு."

தர்ஷினி குனிந்தாள்.

"அந்த மனிசி சொன்னது உண்மைதான். நான் பொய் சொல்ல வரல்ல. எனக்கும் படிக்க ஆசை இருந்திச்சு. ஆனா நீ என்ட இடத்த எடுக்கல்ல, நான்தான் தந்தது. வேண்டாமெண்டா இப்ப என்னப் பாத்துச் சொல்லிட்டு விடு. நான் திரும்பிப் போயிருவன்."

மலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பிரட்டு மணி அடித்தது. தாய் போகவில்லை. தர்ஷினி இரண்டு முறை வாயைத் திறந்தாள், இரண்டு முறையும் மூடினாள். பிறகு அழுகையோடு, "சொல்ல ஏலாதுக்கா" என்றாள். ஜெசிந்தா அவளைப் பிடித்துக் குலுக்கினாள். "அப்ப பெட்டிய அடுக்கு. பஸ் எத்தின மணிக்கு?"

9.40க்கு ஹட்டன் விடுதியில் பெயர் பதிந்தோம்.

ஜெசிந்தாவைப் பஸ் ஏற்றிவிட்டு நான் பாடசாலைக்குப் பிந்திப் போனேன். என் மேசை லாச்சியில், பாடசாலையை விட்டு விலகும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற விடுகைப் பத்திரக் கட்டு ஒன்று இருக்கிறது. கடைக்கும் கொழும்பு வீடுகளுக்கும் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்காக வந்து கேட்பார்கள், நான் பெயரை நிரப்பி அதிபரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுப்பேன். சிலருக்குத் தகப்பன் வருவார், சிலருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வருவார். பிள்ளை எங்கே என்று நான் கேட்டதில்லை. கால் மணிநேரம் நடந்தால் எந்த லயத்துக்கும் போய்விடலாம். இன்று காலை வரை, இருபத்திரண்டு வருடத்தில், விலகுகிற பிள்ளையை நேரே கேட்க ஒரு வாசலில்கூட நான் போய் நின்றதில்லை.